முப்பது, அறுபது, மறுபடி முப்பது

என் மகன் விவேக்நகரில் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான் என்று இரண்டு மாதத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை, ஆதாரத்தோடு நம்பினேன்.

முதல் ஆதாரம் வியாழக்கிழமை. என்னோடு லிப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர், "உங்க பையனுக்கு நல்ல பக்தி சார், வாராவாரம் வியாழக்கிழமை விவேக்நகர் சர்ச் பக்கம் பாக்கறேன்" என்றார். எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்கிற இருபத்துநாலு வயதுப் பையன், நைட் ஷிப்ட்டுக்கு முன்னால் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் போகிறான் என்றால், அது பக்தியாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது ஆதாரம், அவன் சாவிக்கொத்தில் புதிதாகத் தொங்கிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வில்லை. அதில் முப்பது நாள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. காதலுக்கு வயது ஒரு மாதம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்கெல்லாம் கேக் வெட்டுகிறார்களே, இவள் சிக்கனமான பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் பச்சை வில்லை வந்தது. அறுபது நாள். சம்பந்தி வீட்டில் எந்தச் சட்டையோடு போய் உட்காருவது என்ற கவலையே எனக்கு வந்துவிட்டது.

அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னவென்று கேளுங்கள் என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள். "லவ்வுன்னா பசிக்காதுடி" என்றேன். என் நகைச்சுவைக்கு எங்கள் வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் நான்தான்.

பிறகு ஒரு நாள் பச்சை வில்லை காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் மறுபடி ஆரஞ்சு. மறுபடி முப்பது நாள்.

இரண்டாவது பெண்! முதல் பெண்ணின் அண்ணன்கள் வீட்டுக்கு வருவது போலவும், நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ள, வயிறு மட்டும் வெளியே நிற்பது போலவும் கனவு வந்தது. அந்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அவன் கண்ணில் படாமலிருக்க, சர்ச்சுக்கு எதிரே ஒரு மெழுகுவர்த்திக் கடை ஓரமாக நின்றேன். கடைக்காரம்மா முறைத்ததால் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். மகன் வந்தான். சர்ச்சுக்குள் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த அறைக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தியோடு தயங்கி நின்ற என்னைப் பார்த்ததும் ஒரு கப்பை நீட்டினார்.

"பர்ஸ்ட் டைமா சார்? பயப்படாதீங்க. நாங்க எல்லாரும் மொதல்ல இப்பிடித்தான் வாசல்ல நின்னோம்."

நான் தலையாட்டினேன்.

"உட்டு எத்தினி நாள் ஆச்சு?"

"எதை?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எதுவா இருந்தாலும் பரவால்ல சார்" என்று சொல்லி என் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பெண் என்று பார்த்தால் ஒரே ஒருத்தர், என் வயது. ஒவ்வொருவராக எழுந்து, விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொன்னார்கள். முப்பது, அறுபது என்று நாள் முடித்தவர்களுக்கு அதே ஆரஞ்சு, பச்சை வில்லைகளைக் கொடுத்தார்கள். ஒருவர் குடி, இன்னொருவர் கஞ்சா. எனக்குப் புரியத் தொடங்கியது. புரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே என் மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்தான். "மாத்திரை. இன்னிக்கு முப்பத்தி ரெண்டாவது நாள். போன தடவ அறுபத்தி மூணு வரைக்கும் போயி விழுந்துட்டேன்." யாரோ வீட்டில் தெரியுமா என்று கேட்டார்.

"அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. அப்பாகிட்ட சொன்னா சிரிப்பாரு. அழறதக்கூட தாங்கிக்கலாம்."

கையிலிருந்த டீ தளும்பி என் பேன்டில் கொட்டியது. என் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு அவன் திரும்பினான். என் கையில் இருந்த மெழுகுவர்த்தியையே பார்த்தான். ஐம்பத்திரண்டு வருடமாக எந்தச் சாவு வீட்டிலும் எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு கிடைக்காமல் போனதில்லை. அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தால் அவன் ஓடிவிடுவான் என்ற பயத்தில் கூட்டம் முடியும்வரை நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே, ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு அவனே சொன்னான்.

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து, ஷிப்ட்டில் விழித்திருக்க ஒரு மாத்திரை, பகலில் தூங்க ஒரு மாத்திரை என்று போட்டிருக்கிறான். டார்கெட் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. தானாகவே இந்த இடத்தைக் கண்டுபிடித்து வந்து நிறுத்தியிருக்கிறான். அறுபத்துநாலாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை போய்விடும் என்று மேனேஜர் சொன்ன மறுநாள், அளவு தப்பிப் போட்டுவிட்டு வீட்டில் தன் அறையில் விழுந்து கிடந்திருக்கிறான். அவன் வாந்தி எடுத்ததைப் பார்த்து, பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் என் மனைவியும் ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தோம். கதவைச் சாத்திவிட்டு வந்து டிவி பார்த்தோம். அவன் பிழைத்தது தற்செயல்.