வீரபாண்டியன் விரலுக்கு ஒரு கணினி

வங்காளத் தலைநகரில், டாக்குரியா பகுதியில் குடியிருக்கும் செல்வராணி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். அவள் கணவர் வீரபாண்டியன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சங்க மாத இதழுக்குப் பதினொரு வருஷமாகக் குறுக்கெழுத்துப் புதிர் போடுவது அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. பார்க்கின்சன் என்றார் டாக்டர். கணினியில் ஓர் எழுத்தைத் தட்டினால் விரல் அதிர்ந்து இரண்டு தரம் தட்டிவிடும். அவர் பழகிய தமிழ் விசைப்பலகையில் 'க'வை இரண்டு தரம் தட்டினால் தானாகவே 'க்க' ஆகிவிடும். 'பகல்' அடிக்கப் போனால் 'பக்கல்' வந்து நிற்கும்.

"சங்கத்துல சொல்லிரு ராணி. வேற ஆளைப் பாத்துக்கட்டும்" என்று ஒருநாள் மடிக்கணினியை மூடிவிட்டார்.

அவள் சொல்லவில்லை. நடுங்கும் விரலுக்கான வசதி அந்தக் கணினியிலேயே இருந்தது. ஆனால் அது 'பக்கம்' என்று சரியாக அடித்தாலும் ஒரு தட்டை விழுங்கி 'பகம்' ஆக்கியது. உள்ளே புகுந்து திருத்தவும் வழியில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகம் முழுக்கப் பலர் பொதுவில் வைத்த மென்பொருள்களைக் கொண்டு, அவருக்கென்றே ஓர் இயங்குதளம் செய்ய உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் லினக்ஸ் கர்னல் ஓரிடத்தில் கிடைத்தது, திரையில் விரியும் ஜன்னல்களும் எழுத்துருக்களும் வேறு இடங்களில். முதல் மாதம் முழுக்கக் கறுப்புத் திரைதான். திரை வந்தபோது சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது வைஃபை போயிற்று.

விசைப்பலகைப் பகுதிக்கு அவர் நடுக்கத்தையே அளக்க வேண்டியிருந்தது. ஞாயிறு காலைகளில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "ஏங்க, 'அக்கா'ன்னு அடிங்க. இப்ப 'பகல்'."

"ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டே" என்று சிரித்தார்.

நடுக்கத்தில் விழும் தட்டு அவசரமாக விழுந்தது. நினைத்துத் தட்டுவது ஒரு கணம் பொறுத்து. அந்த ஒரு கணத்தைக் கணினிக்குப் புரிய வைத்தால் போதும். முப்பது வருஷமாகப் பிடித்த கையை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

மார்ச் மாதப் புதிரை அவரே முழுக்க அடித்து அனுப்பினார். அன்றே செல்வராணி தன் திருத்தத்தைப் பொதுவில் போட்டாள்.

மாடி வீட்டு வங்காளிப் பெண் சாதனா கேள்விப்பட்டு வந்தாள். அவள் அப்பாவுக்கும் அதே நடுக்கம். "காக்கிமா, பாபாவுக்கு பங்களா மொழியில் கிடைக்குமா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டாள். வங்காள எழுத்துகளை யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். சேர்க்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

நோய் நிற்கவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறாள். போன ஞாயிறு, எண்களை அவள் இரண்டு தரம் சரிபார்த்தாள்.

"கூடியிருக்கோ?"

"கொஞ்சம்."

"ஒருநாள் இதுவும் பத்தாமப் போயிரும்ல?"

"போகும். அப்ப நீங்க வாயால சொன்னா எழுதுற மாதிரி பண்ணித் தாரேன். அதையும் யாரோ செஞ்சு வச்சிருக்காக."

அவர் தலையாட்டினார். "அதுக்குள்ள இந்த மாசப் புதிரை முடிச்சுருவோம்" என்று கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.