நாற்பது பேருக்கு ஒரு வண்டி

அன்று வந்திருந்தவர்கள்: அரசு மருத்துவ வண்டியின் டாக்டரம்மா, நர்சு, டிரைவர், எங்கள் சங்கத் தலைவியான என் அத்தை, நான், கால் விரலில் ஆறாத புண்ணோடு என் அம்மா, வேலைக்குப் போகும் வயதைத் தாண்டிய எட்டுப் பேர். வராதவர்கள் மீதி எல்லோரும். புதன்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் ஊரான மண்ணரையில் யார் வீட்டில் இருப்பார்கள்? எல்லோரும் பனியன் கம்பெனியில் இருந்தார்கள்.

நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் சனம். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்தில் ஒருமுறை அம்மாவை "தள்ளி நில்லு" என்றார்கள். சர்க்கரை ஏறி, புண் பெருத்து, வேலைக்குப் போவது நின்ற பிறகும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவளைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். அதனால்தான் எங்கள் சனத்தின் சங்கம் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. மாதம் ஒருமுறை வண்டி எங்கள் சங்க அறைக்கே வரும். எங்கள் பெண் ஒருத்தி துணைக்கு டாக்டர் பக்கத்தில் நிற்பாள்.

எங்களில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் அந்த ஒப்பந்தத் தாளை நான்தான் வாசித்துச் சொன்னேன். 'இருதரப்பும் கூட்டாக' என்று ஆறு இடத்தில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கிழமையைத் துறையே முடிவு செய்யும் என்ற வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை கையெழுத்துப் போட்டாள்.

நர்சு பதிவேட்டை மூடினார். "ஒம்பதே பேரு தம்பி. போன மாசமும் இப்படித்தான். மூணாந்தடவையும் நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா வண்டிய வேற ஊருக்கு விட்டுருவாங்க."

"ஞாயித்துக்கிழமை வர முடியாதுங்களா?"

"எங்களுக்கும் ஊடு வாசல் இருக்குதுல்லீங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கிழமையை மாற்றக் கேட்டு அதற்குள் மூன்று மனு எழுதியிருந்தேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். நான்காவது எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. வண்டி அடுத்து வரும் புதனன்று நோய் இல்லாதவர்களும் லீவு போட்டு வரவேண்டும் என்றாள் அத்தை. அரை நாள் லீவு என்று போனால் காண்ட்ராக்டர் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். முழு நாள் கூலியும் போகும். யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் பிடிக்கவும் இல்லை.

அந்தப் புதனன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"எனக்கு ஒண்ணுமில்லியே, என்னன்னு சொல்றது?" என்றார் கட்டிங் மாஸ்டராக இருக்கும் மாமா.

"கொட்டாவியா வருதுன்னு சொல்லுங்க" என்றாள் பின்னால் நின்ற டெய்லர் அக்கா.

"அது ஒன்றரை ஷிப்ட்டு குடுத்த நோவு. மாத்திரைக்குக் கேக்காது."

பத்துப் பேரைப் பார்த்ததும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க. ஏனுங்க வந்தீங்க?"

"நல்லா இருக்கறப்பவே ஒருக்கா பாத்துக்கலாம்னுதானுங்க" என்றாள் அத்தை.

டாக்டரம்மா வரிசையைப் பார்த்தார். பிறகு என் அம்மாவின் காலைப் பார்த்தார். அடுத்து அம்மாவை உட்கார வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டினார். விரல் பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு மாதமும் விடாமல் காட்ட வேண்டும் என்றார்.

முப்பத்தொன்பதில் வரிசை முடிந்தது. நர்சு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு என்னங்க தம்பி?"

"தூக்கம் வரதில்லீங்க."

அது பொய் இல்லை. எழுதிக்கொண்டார்.

வண்டி அடுத்த மாதமும் வரும் என்று உறுதியானது. அடுத்த மாதத்துக்கும் நாற்பது பேர் வேண்டும். அன்று சாயங்காலம் அத்தை ஒவ்வொருவரிடமும் இழந்த கூலி எவ்வளவு என்று கேட்டு, என்னைக் கூட்டச் சொன்னாள். அந்த ஒரு புதன்கிழமைக்கு எங்கள் சனத்துக்கு ஆனது இருபதாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.