டீசல் ஜீப்பா, சின்ன ஹைபிரிட்டா: புசல்லாவை மதகடியில் கிடைத்த பதில்

மலையகத்தில் வாகனம் வாங்க நினைக்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். தோட்டத்துப் பாதைக்கு ஈடுகொடுக்கும் பெரிய டீசல் ஜீப்பா, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் சின்ன ஹைபிரிட் எஸ்யூவியா? இந்தத் தை மாதம் இரண்டையும் வெவ்வேறு சனிக்கிழமைகளில் இரவல் வாங்கி, பேராதனையிலிருந்து புசல்லாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். என் மனைவி கோமதி பிறந்த தோட்டம் அது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஒன்றே கால் வருடத்துக்கு முன் கம்பளையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கோமதி வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நன்றாக நடக்கலாம், ஆனால் குலுங்கக்கூடாது என்றார் டொக்டர். கோமதியின் காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது. கேட்டைத் தாண்டி நடக்கவே பயந்தாள். பிறந்த வீட்டுக்குப் போகும் அந்த ஐந்து கிலோமீற்றர் கல்லுப் பாதையை நினைத்தாலே முகம் வெளுத்துவிடும்.

இதற்கிடையில் அவள் தம்பி ரவி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் இரண்டு அறை வீடு கட்டி முடித்துவிட்டான். அவர்கள் குடும்பத்தில் புது வீட்டுக்குக் கூடப் பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். "அக்கா வராம அடுப்பு பத்த வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். புது வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளோடு ஒழுகும் லயத்து அறையில் மழைக்காலம் முழுவதும் கிடந்தான். எங்களால் இரவில் நிம்மதியாகப் படுக்க முடியவில்லை.

வாகனம் கொடுத்தவர் அலவத்துகொடயில் வாகனம் விற்கும் கார் சேல் வைத்திருக்கும் நிஸ்தார் நானா. தெரிந்தவர்கள் என்றால் ஒரு முழு நாள் சாவியைக் கொடுத்து அனுப்புவார். "பேப்பர பாத்து எடுக்க வாணாம் தம்பி. நீங்க போற பாதையில ஓட்டிப் பாருங்க. சரி வராட்டி திருப்பிக் கொண்டு வாங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதர் கிடைப்பதே பெரிய விஷயம்.

முதலில் எடுத்தது டீசல் ஜீப். ஒளிப்பானேன், எனக்கு ஆசை அதன் மேல்தான். உயரமான உடம்பு, ஃபோர்வீல், பொனட்டைப் பார்த்தாலே நெஞ்சை நிமிர்த்தத் தோன்றும். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வாசலிலேயே பிரச்சினை தொடங்கியது. கோமதியால் அந்தப் படியில் கால் வைத்து ஏற முடியவில்லை. குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏற்றினேன். ஸ்டூலும் கூடவே பயணம் வந்தது.

கெலிஓயா, கம்பளை தாண்டும் வரை பரவாயில்லை. அதன் பிறகு வளைவுகளில் ஜீப் ஆடியது. முப்பத்தெட்டு கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது. தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் ஜீப்புக்கு ஒரே கொண்டாட்டம். எந்தக் கல்லும் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் ஆசனத்தின் வழியே நேராக மேலே வந்தது. நான் என் வீரத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். அரைக் கிலோமீற்றர் போவதற்குள் கோமதி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டுங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

எங்களை எதிர்பார்த்து மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ரவி ஓடி வந்தான். பிரதான வீதிக்கே திரும்பி, கடையொன்றில் மூன்று பேரும் பிளேன்டீ குடித்தோம். "பரவால்லக்கா, வீடு எங்கயும் ஓடிடாது" என்று சிரித்தான். கோமதி சிரிக்கவில்லை. "நீங்க பால் காய்ச்சுங்கடா, எனக்காகப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். அவன் எழுந்து பிளேன்டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு அந்த ஜீப்பின் மேல் இருந்த ஆசை பாதி போய்விட்டது.

தை முடிவதற்குள் எல்லோருக்கும் தோதான நாள் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் சனிக்கிழமை. காலை பத்தரைக்கு ராகுகாலம் முடியும், பன்னிரண்டுக்குள் பால் பொங்க வேண்டும். நிஸ்தார் நானாவிடம் போய்ச் சின்ன ஹைபிரிட்டைக் கேட்டேன். "இது குலுங்காது தம்பி. ஆனா அடி கொஞ்சம் பதிவு, கல்லுல தட்டும், பாத்துப் போங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்து செய்த வேலையைக் கேளுங்கள். பெண்ணெடுத்த வீட்டுக்கு, அதுவும் புது வீட்டுக்கு, வெறுங்கையோடு போவதா? இருபது கிலோ அரிசி மூட்டை, வாழைக்குலை, இரண்டு பலாக்காய், பித்தளைக் குடம், பால் பானை, நான்கு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பெட்டி நிறைய கண்டி மார்க்கெட் மரக்கறி. பின்பக்கம் கூரை வரை அடைத்தேன். கதிரைகளில் ஒன்று என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. எங்கள் ஆட்கள் சின்ன வாகனம் எடுத்தாலும் லொறி ஏற்றுகிற மாதிரித்தான் ஏற்றுவார்கள். நான் மட்டும் விதிவிலக்கா என்ன!

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். கோமதி ஸ்டூல் இல்லாமல் தானே உட்கார்ந்தாள். கம்பளைக்கு மேலே ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் வளைவுகளில் அலுங்காமல் போனது. தோட்டத்துப் பாதையில் முதல் கிலோமீற்றர் கல்லுக்குக் கல் ஒதுங்கி, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். "வலிக்குதா?" என்று நான் ஐந்தாவது தடவை கேட்டபோது, "பேசாம ரோட்டப் பாருங்க" என்று அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு ஒன்றே கால் வருடம் ஆகியிருந்தது. மனம் நிறைந்துபோனது.

மூன்றாவது கிலோமீற்றரில் ஒரு மதகு. மழைத் தண்ணீர் பாதையை அறுத்து நடுவில் இருந்த பாறையை வெளியே தெரிய விட்டிருந்தது. முன் சக்கரம் தாண்டியது. பின்பக்கம் அரிசி மூட்டையோடு இறங்க, அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. மணி பத்தேகால். ரவிக்கு அழைத்தால் சிக்னல் இல்லை. நல்ல நேரம் கையை விட்டுப் போகிறதே என்று எனக்கு வியர்த்தது. ஜீப் என்றால் இதைக் கவனித்தே இருக்காது என்றும் தோன்றியது.

கோமதி கதவைத் திறந்தாள். "இங்க எல்லாரும் இறங்குற எடந்தானே" என்றாள். எனக்கு மறந்தே போயிருந்தது. தோட்டத்து வேன் இந்த மதகில் வந்தால் யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிவிடுவார்கள். வேன் வெறுமையாக ஏறிப் போய் மேல் வளைவில் நிற்கும், ஆட்கள் நடந்து போய் ஏறுவார்கள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அவள் கதவைப் பிடித்தபடி காலை ஊன்றி, ஒரு நிமிடம் நின்று, பிறகு கையை எடுத்தாள்.

பக்கத்து மலையில் காலையில் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு ஏழெட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் கோமதியோடு சின்ன வயதில் ஒன்றாகக் கொழுந்தெடுத்த மாரியாயி.

"ஏய், கோமதியா அது? நடக்குறியா புள்ள!"

"நடக்குறேன் அக்கா. மெதுவாத்தான்."

"மெதுவா நட. யாரு ஒன்னய வெரட்டுறா? சாமானையெல்லாம் எறக்குங்கடி!"

நான் தடுக்கப் போனேன். "பாரம் அக்கா, நான் ரெண்டு தடவையா கொண்டு போறேன்" என்றேன். "நாங்க தூக்குற கூடைய விடவா? நீங்க காரப் பாருங்க அண்ணே" என்று மாரியாயி அரிசி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார். கதிரைகள் ஆளுக்கொன்று தலைகீழாகத் தலைக்கு ஏறின. பால் பானையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் கோமதி தானே வைத்துக்கொண்டாள். மாரியாயி மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். எல்லோரும் அவள் நடைக்கு நடந்தார்கள். பாரம் இறங்கிய வண்டி, இரண்டு கல்லை முட்டுக் கொடுத்ததும் ஏறிவிட்டது.

மேல் வளைவில் நிறுத்திக் காத்திருந்தேன். முந்நூறு மீற்றர்கூட இருக்காது, இருபது நிமிடம் எடுத்தார்கள். வந்த கோமதியின் முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. காரில் ஏறச் சொன்னேன். "வேணாம், இன்னும் கொஞ்சம் நடக்கிறேன்" என்றாள்.

பதினொன்று இருபதுக்கு ரவியின் வீட்டில் பால் பொங்கியது. அவன் அக்காவின் காலில் விழப் போக, "குனிஞ்சு ஒன்னயத் தூக்க முடியாதுடா, எந்திரி" என்று அவள் சொல்ல, வீடே சிரித்தது. நான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனி உங்களுக்குப் பயன்படும் விஷயம். பாதியில் திரும்பிய ஜீப் ஓடிய எழுபத்தேழு கிலோமீற்றருக்குப் பதினொரு லீற்றர் டீசல்; ஹைபிரிட்டுக்குப் போக வர எண்பத்தாறு கிலோமீற்றருக்கு ஆறு லீற்றருக்குள் பெற்றோல். மழையில் அன்றாடம் தோட்டத்துக்கு ஏறி இறங்குபவர்கள், பாரம் ஏற்றுபவர்கள் யோசிக்காமல் டீசலை எடுங்கள், அது உழைக்கும். கண்டியில் வேலை, மாதம் ஒரு தடவை மலை, வீட்டில் முதுகு சரியில்லாத ஒருவர் என்றால் சின்னதே போதும். ஒன்று மட்டும்: வாங்கப் போகும் வண்டியை, ஓடப் போகும் பாதையில், உட்காரப் போகும் ஆளை வைத்து, ஏற்றப் போகும் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். நல்ல தார் ரோட்டில் கடுகண்ணாவை ஏற்றம் வரை ஓட்டிவிட்டுத் தீர்மானிக்காதீர்கள்.

நாங்கள் ஹைபிரிட்டை எடுத்தோம். அடியில் விழுந்த கீறலைப் பார்த்து நிஸ்தார் நானா, "நான் சொன்னேன் தானே?" என்று சிரித்தாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கும் மாரியாயி அக்காவுக்கும் கூட வந்த பெண்களுக்கும் நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள்.

போன மாதம் மறுபடியும் போனோம். இந்தத் தடவை நான் உஷார், ஒரு பை பழம் மட்டும். வண்டி மதகைத் தாராளமாகத் தாண்டும் என்று தெரியும். ஆனால் நான் வேகத்தைக் குறைக்கும் முன்பே கோமதி பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

"நீங்க போங்க" என்றாள். "நான் நடந்து வாறேன்."