தில்லியில் ஒரு மட்டையடி

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி வந்த முதல் பங்குனியில், தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நடந்தது இது.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் எங்கள் ஊரில் பங்குனி உத்திரம் என்றால் மட்டையடிதான். ஆற்றைத் தாண்டிப் போய் உறையூர் நாச்சியாரோடு இருந்துவிட்டுத் திரும்பிய பெருமாளைத் தாயார் உள்ளே விடமாட்டாள். கதவைச் சாத்திவிடுவாள். அவர் மேல் பூவும் வாழைமட்டையும் வந்து விழும். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்த பிறகுதான் இருவரும் சேர்த்தியாக, அருகருகே உட்காருவார்கள். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து தவறாமல் பார்த்தவள் நான். அன்று காலையிலிருந்தே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானமே வந்து கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன கணவர், யமுனைக்கு அந்தப் பக்கம் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டு விளக்கு வைத்த பிறகு வந்தார். வந்ததே எனக்குக் கோபம்! கதவைத் தாழ் போட்டேன்.

"ஜல்தி தொறம்மா, பசிக்கறது" என்றார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு என்ன தெரியும்?

"மாட்டேன், போங்கோ!" ஜன்னல் வழியாகச் சாமந்திப்பூவை வீசினேன். வாழைமட்டைக்கு எங்கே போக? முள்ளங்கிக் கீரையைக் கட்டோடு எறிந்தேன்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி நிஜச் சண்டை என்று பதறி ஓடி வந்தாள். அவரை நன்றாக டோஸ் விட்டுவிட்டு, "தர்வாஸா கோலோ, பேட்டி", கதவைத் திற மகளே என்று என்னிடம் கெஞ்சினாள். இனிமேல் இவன் நேரத்துக்கு வருவான், அதற்கு நான் பொறுப்பு என்றாள்.

அடடா, நம்மாழ்வாரே சல்வார் கமீஸில் வந்துவிட்டார்! சிரித்தேன், பாதிச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. எல்லாம் இருக்கிறது, எங்கள் ஊர் மட்டும் இல்லையே என்று கதவில் சாய்ந்து விம்மினேன். "இன்னிக்கு எங்க ஊர்ல மட்டையடி" என்று உள்ளேயிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அச்சா... சமாதானம் ஆனப்புறம் என்ன பண்ணுவா?" என்று தணிவாகக் கேட்டார்.

"சேர்த்தியா உக்காருவா."

கதவைத் திறந்தேன். மாமி எங்கள் இருவரையும் வாசல் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, சூடாகப் பராட்டாவும் வெல்லமும் கொடுத்தாள். அவர் தலையில் ஒட்டியிருந்த கீரையை நான்தான் எடுத்துவிட்டேன்.

அவர் காலமான பிறகு ஊரோடு வந்துவிட்டேன். உத்திரத்தன்று தாயார் சன்னதிக் கதவு சாத்தும்போது கூட்டம் குதூகலிக்கிறது. நானோ வெளியே நிற்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நேரம் காக்க வைக்காதே தாயே, சட்டென்று திறந்துவிடு என்றுதான் ஒவ்வொரு வருஷமும் வேண்டிக்கொள்கிறேன்.