தலை நிழல்

கீழப்பழுவூர் நிறுத்தத்தில் பஸ்ஸை ஒதுக்கியபோது என் வலது கண்ணோரம் ஒரு கறுப்புத் திரை இறங்கியது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இனி வண்டியை எடுக்க மாட்டேன் என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

விழித்திரை விலகல் (கண்ணின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் பிரிந்துவிடுவது) என்றார் திருச்சி மருத்துவர். அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தார்கள். அது மேலெழும்பிப் படலத்தை அழுத்திப் பிடிப்பதற்காக நான் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். மறுபடி பஸ் ஓட்டுவேனா என்று கேட்டேன்.

"மொதல்ல ஒட்டட்டுங்க, பாப்போம்."

இதே நிலையில் தரையைப் பார்த்துக் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் கஷ்டம் கண் அல்ல, கழுத்து. அடுத்தது நலம் விசாரிக்க வருபவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதங்கள். பாதங்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பங்குனி மாதம். கொல்லைக் கூரையின் ஓரத்தில் கட்டிலைப் போட்டு, தலையை வெளியே நீட்டிப் படுத்திருந்தேன். பெயிண்ட் டப்பாவில் வளர்த்த பத்துமணிப் பூச் செடி ஒன்றை என் மனைவி சுமதி முகத்துக்கு நேர்கீழே வைத்தாள். வெயில் ஏறினால் விரியும் பூ அது. மற்ற டப்பாக்களில் எல்லாம் விரிந்துவிட்டது என்றாள். என்னுடையது மட்டும் மூடியே இருந்தது. கண்ணும் இப்படித்தான் ஆகப்போகிறது என்று பயந்தேன்.

சுமதி குனிந்து பார்த்துச் சிரித்தாள். "வெயில் எப்படிப் படும்? உங்க தலை நெழலுதான் அது மேல விழுது. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினேன். இடது கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். முறுக்கிய மொட்டு தளர்ந்து ஓர் இதழ் விலகியது. விரிவது தெரியவில்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது. வெகுநாள் கழித்துச் சந்தோஷமாக இருந்தது.

குமிழி கரையக் கரைய, வலது கண்ணில் மேல்பாதி தெளிந்தது. கீழே தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடியது. அதுவும் போனபின் மருத்துவர் பார்த்தார்.

"நல்லா ஒட்டிடுச்சு. ஆனா பழைய பார்வை வராதுங்க. பஸ் வேணாம்."

வீடு வரும்வரை துக்கமாகத்தான் இருந்தது.

இப்போது பிற்பகல்களில் அரியலூர் பஸ் நிலையத்தில் வண்டிகளின் நேரம் குறிக்கிறேன். காலை முழுவதும் கொல்லையில். வலது கண்ணுக்குப் பூவின் நிறம் தெரிகிறது, ஓரம் தெரிவதில்லை. மேகம் மூடினால் பூ தாமதமாகிறது. அதனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சாலையில் ஹார்ன் கேட்டால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. அழுத்திக்கொண்டே, நிழல் விழாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.