இடுப்பில் கட்டிய கல்

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் வரும். ஆனாலும் கோபம் ஆறாததால் எழுதுகிறேன்.

மார்கழியில் எங்கள் ஜவ்வாது மலை ஏரித் தண்ணீர் எலும்பைக் கவ்வும். அதில் எங்கள் மோட்டார் குழாயின் அடி நுனியில் மாட்டும் ஃபுட்வால்வு கழன்று விழுந்துவிட்டது. என் மகன் சேகர் மூழ்கி எடுக்கப் போனான். சுற்றுலா வந்தவர்கள் மிதக்காமல் அடிக்குப் போக இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட் போட்டு மூழ்கியதைப் பார்த்திருக்கிறான். அது ஓர் இழுப்பில் கழன்றுவிடும். இவனோ துண்டில் கல்லைச் சுற்றி, இடுப்பில் புளி மூட்டைக்குப் போடுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

“முடிச்சு அவுருமாடா?” என்றேன்.

“நீ போய் புல்ல அறும்மா. எனுக்குத் தெரியும்.”

காவலுக்கு நின்ற அவன் கூட்டாளி மணி, கரையில் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்திலேயே புல் அறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனவன் வரவில்லை. குமிழிதான் வந்தது.

“இன்னாடா பாத்துனு கீற? எறங்குடா!” என்று கத்தினேன். மணி குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். சேகரின் விரல்கள் விறைத்து மடங்கவே இல்லை. ஈரத்தில் இறுகிய துண்டை என் அரிவாளால்தான் அறுத்தேன்.

மூச்சு வந்ததும், “வால்வு கெடைச்சுதும்மா” என்று இளித்தான். ஓர் அறை விட்டேன். “வால்வு கடையில கெடைக்கும். நீ கெடைப்பியாடா?”

இப்போது யார் மூழ்கினாலும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுதான். நானே இழுத்துப் பார்ப்பேன். துணைக்கு வருகிறவன் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். விரல் விறைத்தால் உடனே கரையேற வேண்டும்.

கிழவிக்கு வாய் அதிகம் என்கிறார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் இன்று எனக்கு மகன் இல்லை.