கெண்டைக்கால் வலி: இல்லை

பூவத்தநல்லூரில் செவ்வந்தி என்று கேட்டால் எந்தச் செவ்வந்தி என்பார்கள். 'பேப்பர் நர்சு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். கிராம சுகாதாரச் செவிலியராகப் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது.

பட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை தவறாமல் மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிக்கை வந்து விழும். எந்தப் பக்கம் என்ன காய்ச்சல் பரவுகிறது, எந்த மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது, யாரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று இரண்டு மூன்று பக்கம் இருக்கும். விழுந்த அரை நிமிஷத்தில் கட்டைவிரல்கள் முளைக்க ஆரம்பிக்கும். 'நோட்டட் மேடம்', 'நோட்டட் சார்' என்று பதில் மேல் பதில். மூன்று பக்கத்தை அரை நிமிஷத்தில் படித்து முடிக்கிற மேதைகள் ஒரே குழுவில் இத்தனை பேர் இருப்பது நமக்குப் பெருமைதான், வேறென்ன சொல்ல!

செவ்வந்தி அந்த ஜாதி இல்லை. கூத்தாநல்லூரில் அஸார் கடைக்குப் போய்ப் பிரிண்ட் எடுப்பாள். வாய்விட்டு இரண்டு தடவை படிப்பாள். முக்கியமான வரிக்குச் சிவப்புப் பேனாவில் கோடு போடுவாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கிளினிக், நான்கு மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு தடவை மருந்துக்கடைக்காரர் ஒருவர் அந்தத் தாளைக் கிழித்து மாத்திரை மடித்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அந்தக் கடை வாசலில் அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டார்கள்.

அவளுடைய அம்மா நடவு ஆள். கூலிக்கு நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்துத்தான் இவளைத் தஞ்சாவூரில் நர்சிங் படிக்க வைத்தாள். முதல் மாதம் வெள்ளைச் சேலையில் மகள் வந்து நின்றபோது, அந்தம்மா சேற்றுக் கையோடு தொடப் பயந்து தள்ளியே நின்றாளாம். செவ்வந்தி இதைச் சொல்லும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவாள், உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை அடித்தது. சம்பாப் பயிர் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. வடிகாலை அடைத்துக்கொண்டு கிடந்த வெங்காயத்தாமரையை எடுத்தால்தான் தண்ணீர் வடியும். ஏழு பேர் இறங்கினார்கள். அரசப்பனும் அவன் பெண்டாட்டி செம்மொழியும் அதில் இரண்டு பேர். இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று நாள் நின்று இழுத்துப் போட்டார்கள். பயிர் பிழைத்தது.

அடுத்த வியாழக்கிழமை அறிக்கை வந்தது. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நிற்பவர்களுக்குக் கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாகக் கிருமி ஏறும். காய்ச்சலோடு கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். செவ்வந்தி கடைசி வரிக்கு இரட்டைக் கோடு போட்டாள். நோட்டில் கட்டம் கிழித்தாள்: காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி. வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள்.

அரசப்பன் வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன தங்கச்சி, பேப்பர் வந்துடுச்சா? இந்த வாரம் யாருக்குச் சீட்டு?"

"உங்களுக்குத்தாண்ணே. காய்ச்சல் அடிக்குதா?"

"நேத்துலேருந்து லேசா கணகணன்னு இருக்கு."

கண்ணை இழுத்துப் பார்த்தாள். சிவப்பு என்று சொல்ல முடியவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கெண்டைக்கால் வலி ஏதும் இருக்கா?"

அரசப்பன் சிரித்தான். "வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஆளு நல்லாத்தான் இருக்கேன்."

செவ்வந்தி கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ரத்தம் கொடுக்கும்படி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அந்த நோட்டில் ஏழு பேருக்கும் மூன்றாவது கட்டத்தில் 'இல்லை'தான். கட்டம் அழகாக நிறைந்திருந்தது.

அரசப்பன் ரத்தம் கொடுக்க வரவில்லை. சாயங்காலம் கூத்தாநல்லூர் டாக்டர் யூனுஸிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தான். இரண்டு நாளில் கண் மஞ்சளாகிவிட்டது, மூத்திரம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றித் திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள்.

செவ்வந்தி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். வார்டுக்கு வெளியே செம்மொழி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கையை மாற்றி மாற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கைக்கு என்ன அண்ணி?"

"மூணு நாளா காலை அமுக்கி அமுக்கி என் கையே போச்சு செவ்வந்தி. கெண்டைக்காலைத் தொட்டா அலறுறாரு. தொடலைன்னாலும் அமுக்கு அமுக்குங்குறாரு."

செவ்வந்தி அவள் எதிரே உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட வலி இல்லைன்னாரே அண்ணி! நான் கேட்டேனே!"

செம்மொழி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "வலின்னு கேட்டா என்னன்னு சொல்லுவாரு? அது சேத்துக்கடுப்புதானே. சேத்துல எறங்குனவங்களுக்கு யாருக்குத்தான் இல்ல? அதைப் போயி யாராச்சும் நோவுன்னு சொல்லுவாங்களா? உனக்குத் தெரியாததா?"

தெரியாததா! அம்மாவுக்கு வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டு வளர்ந்தவள் அவள். நடவுக் காலத்தில் தெருவே காலை நீட்டிக்கொண்டு முனகும். மறுநாள் விடிந்தால் அதே கால் வயலில் நிற்கும். வலி என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை. வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. பத்தொன்பது வருஷம் பேப்பர் படித்துப் படித்து, பேப்பர் கேட்கிற மாதிரியே கேட்கப் பழகிவிட்டாள். செவ்வந்திக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் அந்த நோட்டை அங்கேயே கிழித்துப் போடலாம் போலிருந்தது.

கிழிக்கவில்லை. வண்டியைத் திருப்பினாள். செம்மொழிக்கு அன்றைக்கு உடம்பு சுடவில்லை. தண்ணீரில் இறங்கியவர்களில் மீதி ஐந்து பேரையும் பிடித்து உட்கார வைத்து, ஒன்றும் கேட்காமல் கெண்டைக்காலை அமுக்கினாள். மூன்று பேர் சும்மா இருந்தார்கள். இரண்டு பேர் "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் உடம்பும் சுட்டது, ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கேயே மாத்திரையைத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் அரசப்பன் செத்துப்போனான். நாற்பத்தாறு வயசு.

செவ்வந்தி டாக்டர் யூனுஸிடம் போய் நின்றாள். எழுபது வயசு மனிதர், சுற்றுவட்டாரத்துக்கே கைராசிக்காரர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவள் கொடுத்த தாள் இரட்டைக் கோட்டோடு அப்படியே இருந்தது.

"நானும் கேட்டேம்மா," என்றார் அவர். "கால் வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னுதான் சொன்னாரு. வெளியில நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க. வேட்டியைத் தூக்கிக் காலைத் தொட்டுப் பாக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் பாக்கல."

"நானும் பாக்கல சார்."

 ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளவில்லை.

பால் தெளித்த மறுநாள் செவ்வந்தி துக்க வீட்டுக்குப் போனாள். செம்மொழி மூலையில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, எல்லாம் துக்கத்தில் வந்தது என்றார்கள் உறவுக்காரப் பெண்கள். செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கி, கெண்டைக்காலை ஓர் அமுக்கு அமுக்கினாள். செம்மொழி போட்ட அலறலில் வாசல் பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏண்டி, புருஷனைப் பறிகொடுத்துட்டுக் கெடக்குறவ காலைப் போயி அமுக்குற? உனக்கு நெஞ்சுல ஈரம் இல்லையா?" என்று ஒரு பெரியம்மா பாய்ந்தாள்.

"அவரு போன வழியிலேயே இவங்களும் போகணுமா பெரியம்மா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அங்கேதான் வந்தது வினை. கருமாதி முடியும்வரை தாலி இழந்தவள் வாசற்படி தாண்டக்கூடாது என்றார்கள். அது அந்தத் தெருவின் வழக்கம். பங்காளிகள் ஒரே குரலாக மறுத்தார்கள். செம்மொழியே தலையை ஆட்டினாள். "நான் எங்கயும் வரல. விடு என்னைய."

செவ்வந்தி வாதாடிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்துவிட்டாள். யாரும் அசையவில்லை. சரி, படிக்கு வெளியே போகத்தானே தடை, உள்ளே வருவதற்குத் தடை இல்லையே என்று வெளியே வந்து போனைப் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் டாக்டர் யூனுஸின் பழைய கார் தெருவோரமாக வந்து நின்றது. கிளினிக்கில் காத்திருந்த கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தானும் அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். முதல் மாத்திரையைச் செவ்வந்தி கஞ்சியோடு ஊட்டினாள்.

"மூத்திரம் கொறைஞ்சாலோ, கண்ணு மஞ்சளானாலோ வழக்கம் கிழக்கம்னு எதையும் கேக்க மாட்டேன். நானே தூக்கிட்டுப் போயிடுவேன்," என்று ஆண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். 

அதன்பின் காலையிலும் மாலையிலும் செவ்வந்தி வந்தாள். கண்ணைப் பார்ப்பாள், மூத்திரத்தை அளந்து வைக்கச் சொல்லிப் பார்ப்பாள், மாத்திரை விழுங்குகிறவரை நகரமாட்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ரத்தத்தில் எலிக்காய்ச்சல்தான் என்று முடிவும் வந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் செவ்வந்தி எழுதி அனுப்பினாள். தான் எழுதிய 'இல்லை'யையும் மறைக்காமல் எழுதினாள். நோட்டில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'கேட்டேன், அமுக்கிப் பார்க்கவில்லை' என்று குறித்து வைத்தாள்.

கருமாதிக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. புது அறிக்கை வந்தது, கட்டைவிரல்களும் வந்தன. செவ்வந்தி பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகச் செம்மொழி வீட்டுக்குத்தான் போனாள். செம்மொழி சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இதைக் கேளுங்க," என்று படித்தாள். "'வயல் வேலை செய்வோரிடம் கெண்டைக்கால் வலி உள்ளதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கேட்பதோடு நிறுத்தாமல் கையால் அழுத்திப் பார்க்கவும்.' எல்லா டாக்டருக்கும் எல்லா நர்சுக்கும் போயிருக்கு. அண்ணனால வந்த வரி இது."

செம்மொழி தாளை வாங்கவில்லை. செவ்வந்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கும் அன்னிக்கே இப்படி அமுக்கிப் பாத்திருந்தா?"

இந்தக் கேள்விக்குத்தான் செவ்வந்தி பதினைந்து நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். விதி என்று சொல்லலாம், நேரம் என்று சொல்லலாம். துக்க வீட்டில் சொல்வதற்கென்றே ஆயிரம் வார்த்தை இருக்கிறது.

"பொழச்சிருப்பாரு அண்ணி," என்றாள். "என் தப்புதான்."

வெளியே கருமாதிக்குப் பந்தல் காலை மாற்றி நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். செவ்வந்தி எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், தினமும் செய்வதுபோல அவள் வலது காலைத் தொட்டு மெதுவாக அழுத்திப் பார்த்தாள். செம்மொழி இழுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப வலிக்கல," என்றாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, கேட்காமலே, இடது காலையும் செவ்வந்தியின் பக்கம் நீட்டினாள்.